சினிமாவில் எரிந்தது நம் கார் இல்லை

தம்பி,

நேற்று மத்தியானம் மேகலா போன் செய்தாள். உங்கள் கல்யாணப் பத்திரிகையில் நம் பக்கத்துப் பெரியவர்கள் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "அத்தை, மாமாவோட அமெரிக்கா காரை சினிமாக்காரங்க வாங்கிட்டுப் போயி எரிச்சுட்டாங்களாமே, நெசமா?" என்றாள். யார் சொன்னது என்றேன். நீ சொன்னதாகச் சொன்னாள். அந்தப் படம் டிவியில் வரும்போதெல்லாம் நீ உட்கார்ந்து பார்ப்பாயாம். கடைசிச் சண்டையில் ஒரு சிவப்புக் கார் மலையிலிருந்து உருண்டு தீப்பிடிக்கும் இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவாயாம். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக நீ அப்படியா நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

யோசித்துப் பார்த்தால் உன்மேல் குற்றம் இல்லை. நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது, காரை சினிமா கம்பெனிக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்று உன் அப்பாதான் போனில் சொன்னார். "எரிக்கிறதுக்கா?" என்று நீ கேட்டாய். அவர் "ஆமா" என்றார். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு உனக்குப் பரீட்சை, பிறகு பூனாவில் வேலை. லீவுக்கு வந்தபோது கார் நின்ற ஷெட்டில் புதுப் பீங்கான் சூளை கட்டியிருந்தோம். நீ அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டாய். உனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கும் உனக்கும் ஒரே சுபாவம். தெரியாத ஒன்றைக் கேட்பதற்கு இரண்டு பேருக்கும் அத்தனை கூச்சம். எனக்கு அப்படி இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மடியில் இருக்கும் பையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இறங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்தக் கதை முழுக்க என்னிடம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். பெற்றவள் எழுதினால் படித்துத்தானே ஆகவேண்டும்.

அந்தக் கார் வீட்டுக்கு வந்த கோலம் உனக்கு நினைவிருக்காது, நீ அப்போது சின்னப் பிள்ளை. திட்டக்குடிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. புதுச்சேரியில் யாரோ ஒரு பணக்காரர் கப்பலில் வரவழைத்தது என்று மில்காரர் சொன்னார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, நீண்ட மூக்கு, குட்டையான பின்பக்கம், இடது பக்கத்தில் ஸ்டியரிங். கம்பெனி பெயர் பொறித்த சின்னத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் ஓட்டைகள்தான் இருந்தன. அப்பா அதை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து நம் பீங்கான் யூனிட்டில் நிறுத்தினார். ஃபியூஸ் கட்டைகளுக்கு விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். "யக்கா, இது காரா, படகா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அமெரிக்காவில் இந்த மாதிரிக் காரை வேகத்துக்கென்றே செய்தார்களாம். உள்ளே எட்டு சிலிண்டர் எஞ்சின். அது குடிக்கும் பெட்ரோலுக்கு நம் சூளையையே விற்கவேண்டும். அப்பா அந்த எஞ்சினை இறக்கிவிட்டு ஒரு பழைய வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார். நம் ஊர் ரோட்டில் அடிவயிறு இடிக்கிறது என்று ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டு உயர்த்தினார். எஞ்சின் சூட்டில் உள்ளங்கால் பொசுங்கியது; சூளையின் உள்சுவருக்கு ஒட்டுகிற, சூடு தாங்கும் வெள்ளைக் கம்பளியைக் கொண்டுவந்து தரைக்கு அடியில் விரித்தார். பகலில் சிட்கோ தொழிற்பேட்டையில் உள்ள யூனிட்டுகளுக்கெல்லாம் பர்னர் ரிப்பேர், ஓய்ந்த நேரமெல்லாம் கார். கடைசியில் ஓடியது. ஆனால் எந்த வேகத்துக்காக அதைப் படைத்தார்களோ அந்த வேகம் போய்விட்டது. நாற்பதைத் தாண்டினால் இருமும். அந்த நீண்ட மூக்கை வைத்துக்கொண்டு மாட்டுவண்டிக்குப் பின்னால் அது அடக்கமாக வருவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக வரும்.

இடது பக்க ஸ்டியரிங் என்பதால், முன்னால் போகும் லாரியைத் தாண்டவேண்டும் என்றால் அப்பாவுக்கு எதிரே வருவது தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை உன்னுடையது. "போலாம்ப்பா", "வாணாம்ப்பா, பஸ்ஸு வருது" என்று நீ கத்திக்கொண்டே வருவாய். நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு அந்த இடத்துக்கு நான் வந்தேன். கம்மாபுரம், பெண்ணாடம் என்று பர்னர் வேலையாகவோ, சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்வருவோம். அப்போதுதான் ஒரு நாள் திடீரென்று, "காரை வித்துடலாம்னு இருக்கறன்" என்றார். ஏன் என்றேன். "எடத்த அடைச்சிக்கிட்டு இருக்குது" என்றார். இத்தனை வருஷமாக அடைக்காத இடத்தையா? அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் எது நிஜம் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

பின்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று எழுதி விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தினார். வாங்க வந்தவர்களைவிடப் பார்க்க வந்தவர்கள் அதிகம். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேல்கூரையை வெட்டி எடுக்கமுடியுமா என்று கேட்டார். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கு இந்த மாதிரிக் கார்களைச் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. மூக்கைத் திறந்து எஞ்சினைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "சார், இதோட ஒரிஜினல் எஞ்சின் எங்க?" அப்பா, "பெண்ணாடத்துல ஒரு கரும்புக் கொல்லையில தண்ணி எறைச்சிக்கிட்டு இருந்திச்சி. இப்ப இருக்குதான்னு தெரியாது" என்றார். அந்த மனிதர், தான் வாங்கினால் அப்பா போட்டதையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு அமெரிக்காவில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவதாகச் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அப்பா சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் சினிமா கம்பெனி மேனேஜர். மூக்கைத் திறக்கச் சொல்லவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. வெளியே நின்று இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். மலையிலிருந்து உருட்டி எரிக்கப்போகிறோம், ஒரே ஒரு ஷாட் என்று ஒளிக்காமல் சொன்னார். நான் அப்பா துரத்திவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சரி என்று தலையாட்டி முன்பணம் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "எரிஞ்சி போச்சின்னா போச்சி. இன்னொருத்தர் ஓட்டி, ரோட்டுல எதிர்ல வந்தா அத நான் பாக்கணும் இல்ல?" என்றார். இதுவும் பாதிதான் நிஜம் என்று பட்டது. அன்று சாயங்காலம்தான் உனக்கு போன் செய்தார். நீ வைத்துவிட்ட பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி லாரி வருவதற்கு முன்னால், ஒரு காலை வேளையில், அஞ்சலை என்று ஒரு பெண்மணி யூனிட்டுக்கு வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள். கம்மாபுரத்துக்குப் பக்கத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் எடுத்த ஊர்களில் ஒன்று அவளுடையது. ஊர் முழுக்கக் காலி செய்துவிட்டார்கள். அவளும் பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொண்டு விருத்தாசலத்தில் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் கல்யாணமாகி வெளியூரில். ஆனால் அவள் வீட்டுக்காரர் கலியபெருமாள் மட்டும் பழைய வீட்டை விட்டு வரவில்லை.

"சண்ட போடறாரா?" என்று கேட்டேன்.

"சண்ட போட்டா தேவலாமேக்கா. பணம் வாங்கியாச்சி, கையெழுத்து போட்டாச்சி. ஆபீசருங்க வந்து தன்மையாத்தான் பேசறாங்க. அவுங்களுக்கும் சரி சரிங்கறாரு. ஆனா எழுந்திருக்க மாட்றாரு. கரண்ட்ட எடுத்துட்டாங்க, குழாயில தண்ணி இல்ல. நான் தெனம் பஸ்ஸு புடிச்சிப் போயி சோறு குடுத்துட்டு வரன். வாயத் தொறந்து ஒரு வார்த்த கிடையாது. வர்ற வாரம் வூட்ட இடிக்க மெஷினு வருதாம். போலீசு வந்து தூக்கித்தான் ஏத்தணும்னா அந்த மனுசன் அதோட முடிஞ்சிருவாரு."

அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். அவள் ஷெட்டுக்குள் நின்ற காரைக் காட்டினாள். கலியபெருமாள் டிராக்டர் ஓட்டுகிறவர். கம்மாபுரம் சாலையில் நம் கார் வரும்போதெல்லாம் டிராக்டரை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, கண்ணில் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாராம். வீட்டுக்கு வந்து, அந்த வண்டிக்குள் இருப்பது எந்த எஞ்சின், சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே, அந்த உயரத்துக்கு எதைப் போட்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டுக்கொண்டே இருப்பாராம். "எனக்கு இன்னாத் தெரியும்? போயி அவுங்களையே கேளேன்னு சொல்வன். கேக்க மாட்டாரு. அண்ணன் ஒரு தடவ அந்தக் கார எடுத்துக்கிட்டு எங்க வூட்டு வாசலுக்கு வந்தா, அவரு எழுந்து வருவாருன்னு எனக்குத் தோணுது. வராமயும் போலாம். எனக்கு வேற வழி தெரியலக்கா."

அப்பா பர்னரைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கார் வித்தாச்சிம்மா" என்றார். நான் அஞ்சலையைப் பார்த்தேன். பணத்துக்கு அசையாத மனிதர், அதிகாரிகளுக்கு அசையாத மனிதர், கட்டிய மனைவிக்கே வாய் திறக்காத மனிதர், ஒரு வண்டிக்கு எழுந்து வருவாரா? எனக்கு அந்த ஆளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று இருந்தது. பரிதாபம் கொஞ்சம்தான், ஆசைதான் அதிகம் என்பதை உன்னிடம் மறைப்பானேன். ஆனால் நான் வாய் திறப்பதற்கு முன்னால் அப்பாவே நிமிர்ந்தார். "நீல டிராக்டரு. தலப்பா கட்டியிருப்பாரு. அவரா?" என்றார். அஞ்சலை ஆமாம் என்றாள். "ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒதுங்கி வழி வுடுவாரு. நான் ஒரு நாளும் நின்னு பேசுனதில்ல" என்று சொல்லிக்கொண்டே கையைக் கழுவப் போனார்.

அஞ்சலை பின்சீட்டில், நான் வலது பக்கம், அப்பா ஸ்டியரிங்கில். மணிமுத்தாறு பாலத்தைத் தாண்டியதுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்னால் தாண்டுவதற்கு ஒரு லாரியும் இல்லை, ஆனாலும் அப்பா, "ரைட்டுல இன்னா வருது, ரைட்டுல இன்னா வருது" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்றுமில்லை என்றால் நம்பாமல் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தார். ஒரு ஊர் முனையில் சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வலது பக்கத்திலிருந்து வந்தாள். நான் "என்னங்க!" என்று கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். அந்தப் பெண் எங்களைத் திட்டிக்கொண்டே போனாள். அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. அதற்கப்புறம் மாட்டுவண்டி வேகத்தில்தான் போனோம்.

அந்த ஊரை நான் என்னவென்று சொல்வது? தெரு இருந்தது, வீடுகளுக்குக் கூரை இல்லை. கதவையும் ஜன்னலையும் கூரை ஓடுகளையும் அவரவர் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவர்களில் உள்பக்கத்து நீலமும் ரோஸும் வெயிலில் தெரிந்தன. யார் வீட்டு அலமாரி எங்கே இருந்தது, சாமி படம் எந்தச் சுவரில் மாட்டியிருந்தது என்பதெல்லாம் ரோட்டில் போகிறவருக்குத் தெரிந்தது. கடைசியில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் ஓடு இருந்தது. வாசலில் நீல டிராக்டர், டயரெல்லாம் காற்று இறங்கி. அப்பா அதன் பக்கத்தில் நம் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் விட்டார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருட்டில் ஒருவர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அஞ்சலை உள்ளே போனாள். "யாரு வந்துருக்காங்க பாரு" என்றாள். வெளியே வந்து என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அப்பா இறங்கி, மூக்கைத் திறந்து வைத்துவிட்டு, சும்மா நின்றார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நிற்பது? அந்தச் சமயத்தில் எஞ்சின் இரண்டு தரம் தும்மியது. அப்புறம் நின்றுவிட்டது. அப்பா சாவியைத் திருப்பினார். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினார். மறுபடியும். ஆளில்லாத ஊரில் அந்தச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைத்துப் பார். எனக்குப் பயமாகிவிட்டது. பஸ் ரோட்டுக்கு அங்கிருந்து நெடுந்தூரம் நடக்கவேண்டும்.

"பேட்டரிய கொல்லாதீங்க."

உள்ளேயிருந்து வந்த குரல். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா காதில் விழாததுபோல் மறுபடியும் சாவியைத் திருப்பினார்.

"அட, நிறுத்துங்கன்றன்! டீசல்ல காத்து ஏறியிருக்குது. எத்தினி தடவ சுத்துனாலும் புடிக்காது." கலியபெருமாள் வாசலுக்கு வந்துவிட்டார். பல நாள் தாடி, வெயிலுக்குக் கண் கூசியது. அப்பாவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. நேராகத் திறந்திருந்த மூக்குக்குள் தலையை விட்டார். அப்புறம், "வேன் எஞ்சினா!" என்றார். அந்தக் குரலை நீ கேட்டிருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தேடிய ஒன்றின் பெயர் வாயில் வந்ததுபோல் இருந்தது. "நான் லாரி எஞ்சினுன்னுல்ல நெனச்சன். இத இதுக்குள்ள எப்படிங்க ஒக்கார வச்சீங்க? மவுண்டிங் கொள்ளாதே?"

"அறுத்துத்தான் வச்சன். ஸ்பேனர் இருக்குது, வேணுமா?" என்றார் அப்பா.

கலியபெருமாள் ஃபில்டர் பக்கத்துத் திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்த அழுத்த டீசல் நுரை நுரையாக வந்தது. நுரை நின்று தெளிவாக வந்ததும் திருகை முடுக்கினார். அதோடு விடவில்லை. கீழே படுத்து ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தார். தரையைத் தட்டி, "இது இன்னா வெள்ளையா, பஞ்சு மாதிரி?" என்று கேட்டார். சூளைக் கம்பளி என்று அப்பா சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு ஆண்களும் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர் கேட்க, அப்பா சொல்ல, பிறகு அப்பா டிராக்டரைப் பற்றிக் கேட்க, அவர் சொல்ல. நானும் அஞ்சலையும் அவள் கொண்டுவந்திருந்த சோற்றை இரண்டு பேருக்கும் கையில் உருட்டிக் கொடுத்தோம். நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

வெயில் சாய்ந்ததும் அப்பா சாவியை அவரிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க" என்றார். கலியபெருமாள் பின்வாங்கினார். "நானா? வாணாண்ணே. உங்க வண்டி. நான் பக்கத்துல ஒக்காந்து பாக்கறன்." அப்பா கையை மடக்கவில்லை. "எனக்கு வலது கண்ணு ஓரமெல்லாம் இருட்டா இருக்குதுங்க. ஆறு மாசமா. வர்ற வழியில ஒரு பொண்ண இடிக்கப் பாத்தன். திரும்பிப் போவ எனக்குத் தைரியம் இல்ல" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கட்டியவளிடம் சொல்லாததை, அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பேசிய ஒருவரிடம் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இதுதானா, இதற்குத்தானா காரை விற்கக் கிளம்பினார் என்று முதலில் நெஞ்சு லேசானது. அப்புறம்தான் அந்தச் சைக்கிள் பெண் நினைவுக்கு வந்தாள்.

கலியபெருமாள் சாவியை வாங்கிக்கொண்டார். அவருக்கு வலது பக்கம் நான் உட்கார்ந்து, உன் வேலையைப் பார்த்தேன். பின்சீட்டில் அப்பாவும் அஞ்சலையும். தெருவைத் தாண்டும்போது அவர் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கியரை எந்த இடத்தில் மாற்றினால் எஞ்சின் இருமாது என்பதில் இருந்தார். விருத்தாசலம் வந்து, அஞ்சலையின் வாடகை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்கியபோதுதான், தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அஞ்சலை, "டீ போடறன், உள்ள வா" என்றாள். போனார்.

மறுநாளே அப்பா சினிமா மேனேஜருக்கு முன்பணத்தைத் திருப்பிவிட்டார். அவர் வருத்தப்படவில்லை, வேறு ஒரு பழைய காருக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொள்வதாகச் சொன்னார். நீ பார்த்துப் பார்த்து எழுந்து போவது அந்த யாரோ ஒருவரின் கார். நம்முடையதைக் கலியபெருமாள் வாங்கிக்கொண்டார். வாங்கியது அவர், விலை பேசியது அஞ்சலை. அப்பா சொன்ன விலையைக் கேட்டு, "நெலத்த குடுத்துட்டு கப்பலு வாங்குன ஆளுன்னு எங்க சனமெல்லாம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குக் கொறைச்சிக்குங்கண்ணே" என்றாள். குறைத்துக்கொண்டார். அந்த வாரமே அதே காரில் அப்பாவைப் புதுச்சேரிக்குக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணில் அழுத்தமாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். இன்றுவரை சொட்டு மருந்து போடுவது என் வேலை. கண்ணைப் பற்றி உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அதை இப்போது மீறுகிறேன். கல்யாணத்துக்குக் கூட்டத்தில் யாராவது அவருக்கு வலது பக்கமாக வந்து வணக்கம் சொல்லி, அவர் திரும்பாவிட்டால், மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கர்வம் என்று நினைத்துவிடுவார்கள். நீயாவது தெரிந்து வைத்துக்கொள்.

ஒருநாள் அவருக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டேன், அன்றைக்கு எஞ்சினை நிறுத்தியது நீங்கள்தானே என்று. "நான் நிறுத்தல. அது தானாத்தான் நின்னுச்சி" என்றார். கொஞ்சம் கழித்து, "ஆனா சரி பண்ண எனக்கும் தெரியும்" என்றார். தம்பி, எனக்கும் அவருக்கும் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிறது. இந்த மனிதருக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறது என்று அன்றைக்கு மலைத்துப் போனேன். மேகலாவை நீ முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டதாக என்னிடம் போனில் சொன்னாய். சந்தோஷம். ஆனால் அந்த நினைப்பு ரொம்ப நாள் இருக்கவேண்டாம். அவள் ஏதாவது ஒன்றைத் திடீரென்று வேண்டாம் என்று சொன்னால், சரி என்று விட்டுவிடாதே. ஏன் என்று கேள். சொல்கிற காரணம் சின்னதாக இருந்தால் மறுபடியும் கேள். கேட்கிற குரலில் குற்றம் கண்டுபிடிக்கிற தொனி இல்லாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான்.

போன தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் காரை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் ஊர் இருந்த இடம் வரைக்கும் சுரங்கம் வந்துவிட்டதாம். விளிம்பில் நின்று பார்க்க ஒரு இடம் இருக்கிறதாம். பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார். அஞ்சலை வரமாட்டேன் என்றாள். வண்டியில் சும்மா உட்கார்ந்திரு என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் இரண்டு ஆண்களும் இறங்கிக் கம்பி வேலியோரம் போய் நின்றார்கள். நான் அவளோடு காரிலேயே இருந்தேன். அந்த வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும் என்று அத்தனை பாடுபட்டவள், இப்போது அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

கலியபெருமாள் பேசுவது காற்றில் எங்களுக்குக் கேட்டது. அப்பாவுக்கு அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரியாது என்பதால் அவர் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "மேல நம்ம செம்மண்ணுண்ணே. அதுக்குக் கீழ மணலு. அதுக்கும் கீழ வெள்ளையா ஒரு பட்ட போவுது பாருங்க, களிமண்ணு. உங்க பீங்கானுக்கு லாரியில வருதே, அது இதேதான். அதுக்கெல்லாம் அடியில கரி. ஏயப்பா, கண்ணுக்கு எட்டுன வரைக்கும் கரி! நான் அங்க கெணறு வெட்டுனப்பல்லாம் செம்மண்ணத் தாண்டிப் போனதே இல்லண்ணே. என் வூட்டுக்கு அடியில இவ்வளவு இருந்திருக்குது, ஒண்ணும் தெரியாம மேல பாயப் போட்டுப் படுத்துக் கெடந்துருக்கன்."

அஞ்சலை தலையை நிமிர்த்தினாள். "இன்னா பண்றாருக்கா?" என்றாள்.

"வேலி மேல ஏறி எட்டிப் பாக்கறாரு" என்றேன்.

"அழுவறாரா?"

"இல்லம்மா. எண்ணிக்கிட்டு இருக்காரு, எத்தினி வெதமா மண்ணு இருக்குதுன்னு."

அவள் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டாள். அந்தக் காரின் கதவு ரொம்ப நீளம், கனம். இரண்டு கையாலும் தள்ளித் திறந்தாள். "நவுருக்கா, நானும் பாக்கறன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள்.

அம்மா